எப்போதும்வென்றானுக்கு வெறும் வயிற்றில்

கோவில்பட்டி சர்க்கரை மருத்துவமனையில் டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு நான் வெளியேறியதாக எங்கள் தெருவில் பேச்சு. அது தவறு. நான் குரலை உயர்த்தவில்லை. அவர் என் அட்டையை வேறு இடத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். நடந்தது அவ்வளவுதான். ஏன் மாற்றினார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தபின் முன்னைவிடக் குழப்பம் கூடியிருக்கிறது.

இந்தப் பயணம் 2008 பிப்ரவரி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வயது எழுபத்திரண்டு. தபால் துறையில் வேலை பார்த்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். சர்க்கரை வந்து பதினாறு வருடம் ஆகிறது. என் கணவருக்கும் இருந்தது. காலில் ஒரு சிறு புண். செருப்புக்கடி என்று விட்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் ஏழு மாதம்தான் இருந்தார். ஆகவே எனக்கு இருப்பது ஒரே பயம், என் கால்களைப் பற்றியது. மற்றதற்கெல்லாம் நான் தயார்.

ஜனவரியில் டாக்டர் என் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, எப்போதும்வென்றான் பக்கம் எங்க கிளை ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அதுதான் சரிப்படும். அங்கே நல்லாப் பார்த்துக்கிடுவாங்க" என்றார். சொல்லும்போது தாளைத்தான் பார்த்தார், என்னை அல்ல. அந்த மருத்துவமனை என் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. கிளையோ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டையும் நடத்துவது ஒரே அறக்கட்டளைதான். இரண்டிலும் ஒரே மாத்திரை. பிறகு எதற்கு அனுப்பினார்?

வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. காப்பிகூடக் குடிக்காமல் காலை 6.10க்குக் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். எட்டயபுரம் 15 கிலோமீட்டர், கட்டணம் ஆறு ரூபாய், 6.45க்கு இறங்கினேன். (கழிப்பறை உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.) அங்கிருந்து தூத்துக்குடி போகும் வண்டி 7.05க்கு. எப்போதும்வென்றானுக்கு ஏழு ரூபாய். இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் பருத்திமார்கள் வெறும் குச்சிகளாக நின்றன. ஜன்னல் ஓரம் இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது என்று எழுத நினைத்தேன். ஆனால் அந்தச் சாலை தெற்கே போகிறது, காலையில் வெயில் இடப்பக்கம்தான். வலப்பக்கம் உட்காருங்கள்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் ஏறிய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் முத்தம்மாள், ஆடு மேய்க்கிற குடும்பம். இடுப்பில் சுருக்குப்பையும் அதில் தொங்கிய முள்வாங்கியும் அதைச் சொல்லின. என் கையில் இருந்த அட்டையைப் பார்த்து, தானும் அங்கேதான் போவதாகச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் அவள் நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது. எனக்கு இது தெரியும். சர்க்கரை இறங்குகிறது.

"எப்போ சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம் கஞ்சி. அதுக்குப் பெறவு பச்சத்தண்ணிதான்."

"மாத்திரை?"

"அது போடாம இருப்பனா? ராத்திரியும் போட்டேன், காலைலயும் போட்டேன்."

நான் பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீர்ப் புட்டியில் கலக்கி நீட்டினேன். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. நம்பர் ஏறிரும். செல்வராணிக்குக் காசு போயிரும்."

செல்வராணி அந்தக் கிளையின் நர்ஸ். என்ன காசு, அது எப்படிப் போகும் என்று கேட்க அது நேரமில்லை. குடிக்காவிட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுவேன் என்றேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ஏ ஆத்தா, குடிச்சிருங்க. அந்தம்மா மூஞ்சியைப் பாத்தா நிறுத்திருவாவன்னு தெரியுது" என்றார். குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நின்றதும் என்னைத் திட்டத் தொடங்கினாள்.

எப்போதும்வென்றானில் 7.35க்கு இறங்கினோம். கிளைக்கு ஒன்றரை கிலோமீட்டர் காட்டுப்பாதை. ஆட்டோ கிடையாது. இருபுறமும் முள் அடர்ந்த உடைமரம். நடக்கும்போது நான் போஸ்ட்மாஸ்டராக இருந்ததைச் சொன்னேன், முத்தம்மாள் காசு விஷயத்தைச் சொன்னாள். இந்தப் பக்கத்துச் சர்க்கரைக்காரர்களின் பரிசோதனை எண் கீழே இருந்தால் செல்வராணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுதல் பணம் வரும். செல்வராணி யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அறக்கட்டளையின் டிரைவர் சொல்லித் தெரிந்ததாம். அன்றிலிருந்து பரிசோதனைக்கு முந்தின நாள் ஊரில் பாதிப் பேர் பட்டினி.

"நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் செய்ய மாட்டோமா? நீங்களும் அடுத்த தடவை ஒருநாள் முன்கூட்டியே வயித்தைக் கட்டிருங்க. ஒண்ணும் ஆவாது."

பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்த்ததற்காக என்னோடு கான்வென்ட்டில் படித்த ஒரு பெண்ணை மடத்துக் கன்னியர் ஒரு வாரம் தனியாக உட்கார வைத்தார்கள். அதற்கு முத்தம்மாள் சொல்வது எந்த வகையில் குறைந்தது என்று யோசித்தேன். யாருக்காக என்பதில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

கிளை என்பது ஒரு அறை, முன்னால் ஒரு தகரக் கொட்டகை. இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினேன். நான் எப்போதும் வெள்ளைக் காலுறை அணிவேன். பாளையங்கோட்டை கான்வென்ட் விடுதியில் ஆறு வருடம் பழகியது. வெறுங்காலை யாருக்கும் காட்டுவதில்லை. முத்தம்மாள் குனிந்து பார்த்தாள்.

"எம்மா, ஒங்க காலுல ரத்தம்!"

இடது குதிகாலில் காலுறை சிவந்திருந்தது. ஒரு உடைமுள் செருப்பைத் துளைத்து, காலுறையையும் துளைத்து உள்ளே நின்றது. எத்தனை தூரம் அதன்மேல் நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. வலிக்கவில்லை. இப்போதும் வலிக்கவில்லை.

முத்தம்மாள் முள்வாங்கியோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, அதைத் தொடாதீய!" என்று உள்ளிருந்து செல்வராணி ஓடி வந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பாள், ஒல்லியானவள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கொதித்த நீரில் கிடந்த இடுக்கியால் முள்ளை எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். பிறகு விளக்குமாற்றிலிருந்து ஒரு புது ஈர்க்கை ஒடித்தாள்.

"கண்ணை மூடிக்கிடுங்கம்மா. காலுல தொடுவேன், தெரியும்போது சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதால், "ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"முடிச்சாச்சும்மா" என்றாள்.

கோவில்பட்டியில் நான்கு வருடமாக யாரும் என் காலுறையைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் கழற்றியதில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் எண் 241. முத்தம்மாளுக்கு 188. அதைப் பார்த்ததும் அவள் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "தந்தி மாதிரில்ல வந்து சேந்தாவ இந்தப் போஸ்ட்மாஸ்டரம்மா! ஒரு தம்ளர் தண்ணியைக் குடுத்து ஏம்புள்ள காசைக் கெடுத்திட்டாவ!" என்றாள். சிரிப்பு எழுந்தது. செல்வராணி சிரிக்கவில்லை. எந்தக் காசு என்று கேட்டாள். ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். ஊர் பட்டினி கிடப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா செத்துல்ல போவீய! எனக்காவா? நான் கேட்டனா?" என்றாள். முத்தம்மாள் மட்டும், "கேட்டாத்தான் செய்யணுமாட்டி?" என்றாள்.

188 என்று உள்ளபடியே எழுதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னிடம் தனியாகப் பேசினாள். பத்தில் ஏழு பேருக்கு எண் கீழே இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு வரும். அதில்தான் மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டு வீடு வீடாகப் போகிறாள். அந்தப் பணம் வருவதற்குமுன் மாதம் ஒருமுறைதான் போக முடிந்தது. இப்போது வாரம் ஒருமுறை. மாத்திரை விட்டவர்கள் மறுபடி போடுகிறார்கள். இரண்டு பேருக்குப் புண் ஆறியிருக்கிறது. ஆக அந்தப் பணத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காலைப் பார்ப்பதற்கு எவ்வளவு தருகிறார்கள்?"

"பாரத்துல காலுக்குக் கட்டமே கெடையாதும்மா. முள்ளுக்காட்டுல இருந்துக்கிட்டுப் பாக்காம என்ன செய்ய?"

"கோவில்பட்டி டாக்டருக்கும் இந்தக் கூடுதல் பணம் உண்டா?"

"உண்டும்மா. இந்த வருசம் அவிய மூணு பேரை இங்கன அனுப்பியிருக்காவ. மூணு பேருக்கும் நம்பர் உசரம்தான்."

"என்னையும் சேர்த்தா?"

"சேத்துத்தான்." உடனே, "நீங்க வாங்கம்மா. அந்தக் காலை நான் வாராவாரம் பாக்கணும்" என்றாள்.

11.20க்குத் திரும்பும் வண்டி, 1.15க்கு வீடு. இரு வழிக்கும் சேர்த்து 26 ரூபாய். வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை முறை யோசித்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நான் அங்கே தொடர்ந்து போனால் என் கால் பிழைக்கலாம். என் எண்ணால் அவள் பெட்ரோல் போகலாம். பெட்ரோல் போனால் மற்றவர்கள் காலை யார் பார்ப்பது? இதைத் திட்டமிட்டவர்கள் யாரோ படித்தவர்கள்தான். பட்டினி கிடக்கும் அளவுக்கு ஒரு நர்ஸ்மேல் ஊர் அன்பு வைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நீங்கள் போவதானால்: இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் மட்டும் வெறும் வயிற்றோடு போங்கள். வெறும் வயிற்றில் மாத்திரையோ ஊசியோ எடுக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொடியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். பரிசோதனை முடிந்ததும் சாப்பிட இட்லி கொண்டு போங்கள், அங்கே கடை இல்லை. கெட்டி அடி உள்ள ஷூ போடுங்கள். இறங்கி நடந்தபின் ஷூவைக் கழற்றி அடியைப் பாருங்கள், காலையும் பாருங்கள். வலி சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் மறு செவ்வாயும் போனேன். புண் சிறுத்திருக்கிறது. முத்தம்மாள் முந்தின ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து, 'சாப்பிட்டாச்சு' என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பட்டினி நின்றதால் எண்கள் ஏறிவிட்டன, இந்த மூன்று மாதப் பணம் செல்வராணிக்கு வராது.

டாக்டர், உங்கள் வரவேற்பறையில் இருக்கும் பெண் இந்த வலைப்பூவைப் படிப்பதாகச் சொன்னாள். ஆகவே இது உங்களை வந்து சேரும். செல்வராணி கால்களைப் பார்ப்பாள் என்று தெரிந்து என்னை அங்கே அனுப்பினீர்களா, அல்லது என் எண் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டாம் என்று அனுப்பினீர்களா? இரண்டில் எதுவானாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். தொலைபேசியில் வேண்டாம். என் முகவரி பழைய அட்டையில் இருக்கிறது. பதிலை எழுதி, கையெழுத்திட்டு, தபாலில் அனுப்புங்கள்.