ட்ராம் போகும்போது வாசித்தல்

இங்கே ட்ராம் சத்தமில்லாமல் போகிறது. ஜெர்மனிக்கு மகள் வீட்டோடு வந்து பதினான்கு மாதமாகியும் இது எனக்குப் பழகவில்லை. மொழி வகுப்பு ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால் ஐந்து பெட்டிகள் ஊமைப்படம்போல நகர்ந்து மறையும். வகுப்பில் பதினொரு பேர். எழுபத்தொரு வயதுக்காரன் நான் ஒருவன்தான். ஒவ்வொருவரும் முன்னால் போய் நின்று ஒரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும். என் முறை வந்தது. மூன்றாவது வரியில் ட்ராமும் வந்தது. என் விரல் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது.

ஆசிரியை பிரௌ கெல்லர் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த சொல்தான். “வண்டி போகிறது” என்றேன், என்னிடமிருந்த ஜெர்மனில். அவர் எழுந்துபோய் ஜன்னல் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். “மூடித்தான் இருக்கிறது. உங்களுக்குக் குளிர்கிறதா?” ஒரு பக்கத்துக்குள் மூன்று ட்ராம், மூன்று நிறுத்தம். ‘தடுமாறுகிறார்’ என்று என் தாளில் எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமையும் தடுமாறினால் கீழ்வகுப்புக்குப் போக வேண்டும்.

தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. மின்ரயில் வந்தால் கூரை ஓடு அதிரும். வாசிக்கிறவன் எந்தச் சொல்லில் இருக்கிறானோ அதில் விரலை ஊன்றி நிற்பான். நாற்பத்திரண்டு பேரும் எட்டுப் பெட்டிகளை எண்ணுவோம். கடைசிப் பெட்டி போனதும் அதே சொல்லிலிருந்து, முன்னைவிட உரக்க எடுக்க வேண்டும். வரி தவறாதவன்தான் எங்களிடம் நல்ல வாசிப்புக்காரன். நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தச் சமர்த்துக்கு இங்கே கிடைத்த பெயர் தடுமாற்றம்!

ஆறு நாள் தூக்கம் சரியில்லை. தினமும் வீட்டெதிரே ட்ராம் நிறுத்தத்தில் நின்று உரக்க வாசித்தேன். மகள் வந்து கையைப் பிடித்தாள். “அப்பா, போறவங்க எல்லாம் உங்களையே பாக்கறாங்க.”

“பாக்கட்டும்மா. இன்னிக்குப் பதினேழு ட்ராம் போச்சு. பதினொண்ணுக்கு நான் நிக்கலை!”

வெள்ளிக்கிழமை முதல் ட்ராம் ஏழாவது வரியில் வந்தது. விரலைத் தாளிலிருந்து எடுத்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். குரல் தானாக ஏறியது. இரண்டாவது ட்ராம் போனது, மூன்றாவதும் போனது. இருபத்தாறு வரியும் ஒரே ஓட்டம்! பின்வரிசையிலிருந்த சிரியாக்காரர் மேசையைத் தட்டினார். பிரௌ கெல்லர் சிரித்தார்: “தேறிவிட்டீர்கள். ஆனால் எங்களுக்கெல்லாம் காது நன்றாகவே கேட்கும்.”

முப்பத்தெட்டுப் படிகளை இந்த முழங்காலோடு எப்படி இறங்கினேனோ தெரியாது. வாசலில் நின்றே மாசிலாமணிக்குப் போன் போட்டேன். பள்ளியில் என் பக்கத்து இடம் அவனுக்கு; இப்போது தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அருகில் மாடிவீடு.

“இன்னாடா, பாஸா?”

“பாஸ்டா! கேளு, வாசிக்கிறேன்.”

நான்கு வரி கேட்டான். “மச்சான், ஒரு எழவும் புரியல. ஆனா சும்மா ஸ்டேஷன்ல அனவுன்ஸ் பண்றாப்ல கீது. படி, படி.”

ஐந்தாவது வரியில் போனுக்குள் தடதடவென்று சத்தம். அவன் வீட்டுப்பக்கம் மின்ரயில். என் விரல் தாளில் வந்து நின்றது. எனக்கு எதிரே ஒரு ட்ராம் வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அதை நான் எண்ணவில்லை.

“இப்பல்லாம் பன்னெண்டு பொட்டி” என்றான் மாசிலாமணி.

விட்ட சொல்லிலிருந்து, முன்னைவிட உரக்க எடுத்தேன்.