மலைக்குச் சொன்ன மழை

தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். விழுப்புரத்துக்கு மழை இல்லை என்று கேட்டதோடு அப்பாவுக்கு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு சொல்லும் மலைப்பகுதி மழையைக் கேட்க உட்கார்ந்திருப்பவள் சித்தி மட்டும்தான். சித்தப்பா கல்வராயன் மலைக்கு மினி வேன் ஓட்டிய காலத்தில் அவளைப் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மலையில பேஞ்சா உனக்கு என்னாடி? இங்க வேர்த்துக்கினு கெடக்கறோம்" என்று சித்தப்பா கிண்டல் செய்வார். சித்தி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் எங்கள் வீடு. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்காத சமயம் அது. ஆறு என்று பெயர்தானே தவிர, கண்ணுக்கெட்டியவரை மணல். அதன் நடுவே சித்தப்பா வெள்ளரி போட்டிருந்தார். பகலில் அங்கேயே கீற்றுப் பந்தலில் காவலுக்குப் படுத்திருப்பார்.

அன்று மத்தியானச் செய்தியில், மலையில் முந்தின ராத்திரியிலிருந்து பெய்யும் மிகக் கனமழை இன்னும் நீடிக்கும் என்றார்கள். சித்தி உடனே அம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல், அதே பதில். போனை இடுப்பில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"வாடி, உங்க சித்தப்பாவ கூட்டியாந்துடலாம்."

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மணல் காலைச் சுட்டது. ஆனால் ஆற்றுக்குள் நடக்க நடக்க எனக்கு ஏதோ போலிருந்தது. எப்போதும் ஊற்றோரம் நிற்கும் கொக்குகளைக் காணோம். எங்களோடு வந்த நாய் பாதியில் நின்று, ஆற்றின் மேற்குப் பக்கம் பார்த்து உறுமிவிட்டு, கரைக்கே திரும்பி ஓடியது. காற்றில் மண்வாசனை வந்தது. மழையே இல்லாமல் மண்வாசனை.

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. "எங்கடி மேகம்? சும்மா பேஜாரு பண்ணிக்கினு."

"ஊத்தப் பாருங்க" என்றாள் சித்தி.

வெள்ளரிக்குத் தண்ணீர் மொள்ளத் தோண்டிய ஊற்று அது. காலையில் அடிமணல் தெரியத் தெளிந்திருந்த தண்ணீர் இப்போது செம்மண் நிறத்தில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. சித்தப்பா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த சருகின் மேல் ஒரு பெருங்கூட்டம் நடந்து வருவது போன்ற சத்தம். ஆளைத்தான் காணவில்லை.

சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தோளில் கிடந்தபடியே பின்னால் பார்த்தேன். வெயிலில் மினுங்கிக்கொண்டு, நுரையும் சருகுமாக, ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரு பழுப்பு விளிம்பு ஊர்ந்து வந்தது. அவசரமே இல்லாததுபோல் வந்து, பந்தலைச் சுற்றிக்கொண்டது. நாங்கள் கரையேறித் திரும்பியபோது பந்தல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஊரே கரையில் கூடிவிட்டது. "ஆறு வந்துடுச்சு!" என்று பெண்கள் கற்பூரம் ஏற்றினார்கள். வெள்ளரி போன துக்கத்தில் இருந்த சித்தப்பாவைக்கூட இழுத்துவைத்துச் சிரிக்கவைத்தார்கள். சித்தி மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். மூங்கில், பலாக்காய், முறம், ஒற்றைச் செருப்பு என்று என்னென்னவோ மிதந்து வந்தன. கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள். அப்பா எவ்வளவோ கூப்பிட்டும், வெளிச்சம் மங்கும்வரை அவள் கரையேறவில்லை.

மறுநாள் போன் கிடைத்தது. மாட்டுக்கொட்டகை மட்டும்தான் போயிற்று, ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்று அவளுடைய அம்மா சொன்னாராம். சித்தி தோட்டத்துப் பக்கம் போய் வெகுநேரம் அழுதாள். நல்ல சேதிக்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிட, முதல் நாள் ஆற்றில் நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். புத்தம்புதுப் பித்தளைக் குடம் ஒன்று அவள் கைக்கு வந்தது. பேர் வெட்டும் கழுத்துப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"நல்ல கொடம், ஏன் சித்தி வுட்டுட்ட?" என்று கத்தினேன்.

"நம்முளுது இல்லடி" என்றாள். சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்தது.

அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவள் எங்கள் சித்தி என்று பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.