சனிக்கிழமைக்கு ஒரு பெர்மி

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேறு நாட்டில் வழங்கப்பட்ட சாரதி அனுமதிப் பத்திரம் உங்களிடம் இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு சிறு கட்டங்கள். பாரிஸின் லா சப்பலில், தலைக்கு மேலே மெத்ரோ ஓடும் வீதிக்குப் பின்னால் இருந்த ஓட்டுநர் பள்ளியொன்றில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். படிவம் நிரப்புவது எனக்குப் பல் துலக்குவது மாதிரி.

மேசைக்கு அப்பால் இருந்த பெண் என் பிறந்த ஆண்டைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். பேரனுக்கா என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அறுபத்தாறு வயதில் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள், பாராட்டுகள் என்றாள். பாராட்டை ஏற்றுக்கொண்டேன். எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

அந்த ஆறு வயதை நான் 1985இல் பாரிஸ் வந்த முதல் கிழமையில் தொலைத்தேன். ஒரே அறையில் ஏழு பேர் படுத்த காலம். நாற்பத்தைந்து தாண்டியவனைக் கோப்பை கழுவக்கூட எடுக்கமாட்டார்கள் என்று அறையில் எல்லோரும் சொன்னார்கள். அகதி விண்ணப்பத்தில் ஆறு வருடத்தைக் குறைத்து எழுதினேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து, பிறப்புத் திகதியில் கீறல் உள்ள விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஆகவே கீறல் இல்லாமல் எழுதினேன். அதன் பிறகு பிரெஞ்சு அரசாங்கம் என்னை நம்பியது. நம்பி, உண்மையான வயதில் கிடைக்க வேண்டிய ஓய்வை ஆறு வருடம் தள்ளி வைத்தது.

ஊரிலிருந்து கொண்டுவந்த சாரதி அனுமதிப் பத்திரத்தில் உண்மையான பிறந்த திகதி இருந்தது. கார்த் என்ற வதிவிட அட்டை கிடைத்து ஒரு வருடத்துக்குள் அதைக் கொடுத்துப் பெர்மியாக, பிரெஞ்சுப் பத்திரமாக, மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வருடக் கணக்கை லா சப்பலில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். பலசரக்குக் கடையொன்றின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, சனிக்கிழமை தோறும் இருந்து மற்றவர்களின் படிவங்களை நிரப்பினேன். "கார்த் கிடைச்ச உடனை பெர்மியை மாத்திப்போடும், பிறகு அழுது பிரயோசனமில்லை" என்று எத்தனையோ பேரைக் கலைத்து அனுப்பினேன். என்னுடையதை பிஸ்கற் பேணிக்குள் போட்டு மூடினேன். பிரிபெக்சர் என்ற அரசாங்கப் பணிமனையில் இரண்டு பத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவருக்கு அரை நிமிடம் போதும். எனக்கென்ன கார், மெத்ரோ ஓடுகிறதே என்று சொல்லிக்கொண்டேன்.

மனைவி நான்கு வருடம் கழித்து வந்தாள், உண்மையான பத்திரங்களுடன். எங்கள் திருமணப் பதிவில் என் வயது எழுதிய இடத்தில் மை சிந்தியிருந்தது. எப்படிச் சிந்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பிரெஞ்சுக் காகிதங்களின்படி அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கோபம் வந்தால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

2010 வசந்தத்தில், புறநகர் சார்செலில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுக் குளியலறையில் அவள் விழுந்தாள். பாரிசவாதம். இடது கையும் காலும் போய்விட்டன. ஒரு மாதம் வைத்தியசாலையில் வைத்திருந்துவிட்டு, வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருந்த மீள்பயிற்சி நிலையமொன்றுக்கு அனுப்பினார்கள். ரயிலிலிருந்து இறங்கி ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் சனி ஞாயிறு ஓடாது.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று வைத்தியர் சொன்னார். வீட்டுச் சூழல் நல்லதாம். வீட்டுக்கு ஏற்றிப்போக, நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுவர அரசாங்க வண்டி உண்டா என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். சிகிச்சைக்கான பயணம் என்றால் உண்டு. சுகமாக இருப்பதற்கான பயணம் என்றால் இல்லை.

முதல் சனிக்கிழமை, நான் படிவம் நிரப்பிய கடையின் முதலாளி தன் சாமான் ஏற்றும் வானில் எங்களைக் கூட்டிவந்தார். மனைவி சக்கர நாற்காலியில் குசினி வாசலில் இருந்தாள். நான் புட்டுக்கு மா குழைத்தேன்.

"என்னப்பா இது, கல்லு மாதிரிக் குழைச்சுப் போட்டீங்கள். உதிர்த்துங்கோ, உதிர்த்துங்கோ. கச்சேரியிலை பைல் தட்டின மாதிரித் தட்டாதேங்கோ."

"நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

"ஒரு பக்கம்தானே விழுந்தது, வாய் விழேல்லையே. தம்பி, ஆவி வெளியாலை போகுது, மூடியைப் போடும்."

அந்தப் புட்டு மோசமாகத்தான் இருந்தது. வலது கையால் முழுவதையும் சாப்பிட்டாள். எத்தனை வருடச் சனிக்கிழமைகளை இந்தக் குசினியில் அவள் தனியாகக் கழித்தாள் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்தவன். மாலை வானில் ஏற்றும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"வாற சனியும் வரலாமோ?"

வரலாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மிச்சமெல்லாம்.

செவ்வாய்க்கிழமை கடை முதலாளியிடம் போனேன்.

"அண்ணை, வாற சனி ஒரு சாமத்தியவீடு. ஐந்நூறு பேருக்குச் சாமான் ஏத்தவேணும்."

"அதுக்கு அடுத்த சனி?"

"அது கலியாணவீடு. ஞாயிறு எண்டால் பாப்பம் அண்ணை."

ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையத்தில் அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட ஆள் இல்லை. பொண்டியில் ஒருவர், திரான்சியில் இருவர், எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் சனிக்கிழமை வருடம் முழுவதற்கும் முன்பதிவு செய்யப்பட்டது: மண்டபம், தமிழ்ப் பள்ளிக்கூடம், கடை. டாக்ஸியில் இரண்டு தடவை கூட்டிவந்தேன். மூன்றாவதுக்கு ஓய்வூதியம் இடம் தரவில்லை. கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் அழுதாள். அழுகைக்கும் சில்லு இல்லை. கடை முதலாளி வெட்கப்பட்டு, "அண்ணை, என்ரை பழைய வெள்ளைக் கார் சும்மாதான் நிக்குது. நீங்கள் பெர்மியை எடுங்கோ, காரைக் கொண்டுபோங்கோ" என்றார்.

இப்படித்தான் அந்தப் பிளாஸ்டிக் கதிரைக்கு வந்தேன்.

மூன்று கிழமையில் பிரிபெக்சரின் முத்திரையுடன் பயிலுநர் கையேடு கிடைத்தது. அது இருந்தால், பள்ளியின் காரில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வீதியில் இறங்கலாம். அடுத்தது கோட், அதாவது வீதி விதிகளுக்கான எழுத்துப் பரீட்சை. நாற்பது கேள்வியில் ஐந்து பிழை விடலாம். நான் ஒன்று விட்டேன். அந்தக் கேள்விதான் பிழை என்று இன்றைக்கும் என்னால் நிரூபிக்க முடியும். காதில் கம்பி மாட்டிய பையன்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

மரியாதை காருக்குள் ஏறும் வரைக்கும்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஒஸ்ரின் காரைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். அங்கே சாரதி வலது பக்கம் இருப்பார், கியர் இடது கையில். இங்கே எல்லாம் மறுபுறம். ஒவ்வொரு தடவை கியர் மாற்றவும் என் இடது கை போய்க் கதவில் இடித்தது. இரண்டாம் பாடத்தில் கண்ணாடியை இறக்கும் பொத்தானை அமத்திவிட்டேன், மழை உள்ளே அடித்தது.

ஆசிரியர் ஐம்பது வயதுக்காரர், பிரான்சின் வடக்குப் பக்கத்து வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"நீங்கள் முன்பு ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"கிளச்சைப் பிடிப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை."

"புத்தகத்தில் படித்தேன்."

அவர் என் வலது கையை எடுத்துக் கியரில் வைத்தார். பிறகு, புத்தகத்தில் கிளச் படித்த மனிதனுக்குக் கற்பிப்பது போலவே, எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்பித்தார். எனக்குத் தெரிந்ததைக் கற்பித்தார். நான் மறக்க வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியாது.

இதற்கிடையில், குறிப்பிட்ட மணித்தியாலங்கள் முடித்தால், ஐந்து வருடமாகப் பெர்மி வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க, சொந்தக் காரிலும் பழகலாம் என்று ஒரு விதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். நல்ல விதி. சனிக்கிழமைகளில் அப்படி ஒருவர் கிடைத்தால் அவரே ஓட்டிவிடுவார்.

முதல் பரீட்சை புரட்டாதி முடிவில். பரிசோதகர் ஒரு பெண். முக்கால்வாசி தூரம் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஒருவழித் தெருவொன்றிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினேன். திரும்பி, பன்னிரண்டு வருடம் போனது போல வீதியின் இடது ஓரமாக நிம்மதியாகப் போனேன். எதிரே ஒரு பஸ் வந்தது. இந்த ஆள் ஏன் என் பக்கத்தில் வருகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. பரிசோதகர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். முடிவு தபாலில் வந்தது.

அடுத்த தவணைக்கு மூன்று மாதம் காத்திருந்தேன். ஒரு பள்ளிக்கு இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. யாரிடம் போய் முறையிடலாம், முறையிட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் முறையிடவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ரயிலும் பஸ்ஸும் பிடித்து அவளிடம் போனேன்.

"இந்தச் சனியும் இல்லையோ?"

"பெர்மி வந்திடும்."

"பேசாமல் அந்த மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோவன், ஊரிலை ஓடினனான் எண்டு. ஆர் உங்களைப் பிடிச்சு மறியலிலை போடப்போறான், கிழவனை?"

"உமக்கு விளங்காது. பொய்த் திகதி எண்டு வந்தால் வதிவிட அட்டையையும் பாப்பினம், ஓய்வூதியத்தையும் பாப்பினம்."

"உங்களுக்கு எல்லாம் விளங்கும்" என்றாள். "அதாலைதான் நான் இஞ்சை கிடக்கிறன்."

அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மார்கழியில் இரண்டாம் பரீட்சை. வேறு பரிசோதகர், வேறு தெரு, அதே இடது ஓரம். பள்ளிக்குத் திரும்பும் வழியில் ஆசிரியர் காரை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். நான் சொன்னேன். ஒஸ்ரின் காரை, பிஸ்கற் பேணியை, ஆறு வருடத்தை, எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு, இதை யாருக்காவது அறிவிப்பீர்களா என்று கேட்டேன்.

"நான் கார் ஓட்டக் கற்பிப்பவன்" என்றார். "ஏன் முதல் நாளே சொல்லவில்லை? இங்கிலாந்துக்காரர்களை வருடாவருடம் வலது பக்கத்துக்கு மாற்றுகிறேன். ஒரே ஒரு வாக்கியம்தான்: வீதியின் நடுக்கோடு எப்போதும் உங்கள் இடது தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கோடைக்குள்ளேயே முடித்திருக்கலாம்."

இரண்டு பாடம் போதுமாக இருந்தது. கோடு இடது தோளில் வந்து நின்றது, பிறகு விலகவே இல்லை. கோடையிலிருந்து மார்கழி வரை எத்தனை சனிக்கிழமைகள் என்று நாட்காட்டியில் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் அவளுக்குப் பாரிசவாதம் இரண்டாவது தடவை வந்தது. அதன் பிறகு நிமிர்ந்து இருக்க முடியவில்லை. பேச்சு வந்தது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. இனி மீள்பயிற்சியால் பயனில்லை என்று முடிவெடுத்து, முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லமொன்றுக்கு மாற்றினார்கள். படுத்தபடி செல்லும் அம்புலன்ஸ். வைத்தியரின் கடிதம் இருந்ததால் முழுச் செலவும் அரசாங்கம். இல்லம் சார்செலுக்குப் பக்கத்தில். எங்கள் கட்டடத்தின் முன்னால் ஏறினால் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமையும் பஸ் உண்டு. பதிவு செய்த அலுவலர் எங்கள் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் மனைவியைவிட இளையவர், தைரியமாக இருங்கள் என்றார்.

பங்குனியில் மூன்றாம் பரீட்சையில் சித்தியடைந்தேன். அதற்குள் கடை முதலாளி வெள்ளைக் காரை விற்றிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானே இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ரோஸ் நிறத்தில் மூன்றாக மடிக்கும் பத்திரம் வந்ததும் அதை அவளிடம் கொண்டுபோனேன். வலது கையால் வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, படத்தைப் பார்த்தாள்.

"தம்பி... வடிவாய்... இருக்கிறார்."

பிறகு, "அப்ப சனிக்கிழமை போவம்" என்றாள்.

உம்மை இனிக் காரில் இருத்த முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய சொற்கள் பிரெஞ்சிலும் தமிழிலும் எனக்குத் தெரியும்.

"ஓம், போவம்" என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு கிழமையும் ஒரு காரணம். மழை. சில்லுக்குக் காற்றில்லை. வைத்தியர் லீவு. பொய்க்கும் ஒரு கோப்பு வைத்திருக்க வேண்டும். கச்சேரியில் இருந்தபோது இதை நான் நன்றாகவே செய்திருப்பேன். போன சனிக்கிழமை உள்ளே போய்க் கோட்டைக் கழற்றும்போதே கேட்டாள்.

"காரிலையோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"எங்கை விட்டனீங்கள்?"

"கீழை, வாசலோடை."

"என்ன நிறம்?"

"நீலம்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடமாக என் காகிதங்களை இந்த நாட்டில் எத்தனையோ அதிகாரிகள் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

"போன கிழமை... வெள்ளை... எண்டனீங்கள்."

தலையணையைச் சரிசெய்தேன். தாதி வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனாள். நான்கு மணி பஸ்ஸை விட்டுவிட்டு, நாலரை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.