நீல நாற்காலி இருந்த அறை

என் மகள் பத்தொன்பது வயதில் பள்ளியை விட்டு வெளியே வந்தாள். அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு அந்த வயதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எங்கே என்று நாங்கள் விசாரிக்காத இடமில்லை. ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் ஜொகூர் மாநிலத்தில் சில நிலையங்கள் உண்டு. வளர்ந்தவர்களுக்கு என்று கேட்டால், போனை எடுத்தவர்கள், "வீட்லயே வச்சுப் பாத்துக்கலாமே" என்பார்கள்.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். கூலாயில் நான்காவது மாடியில் எங்கள் வீடு. மனைவிக்குச் செனாயில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். நான் வீட்டில் இருந்தபடியே சின்னக் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பவன். பகலெல்லாம் நானும் மகளும்தான். புது இடம் என்றால் அவளுக்கு உயிர் போகிற பயம். லிஃப்டுக்குள் புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தால்கூட ஏறமாட்டாள். போகப் போக வாசல் கதவு வரைக்கும் வருவதே பெரிய காரியமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாசிர் கூடாங்கில், வேலை ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், கடைவீடு ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து, வளர்ந்த பிள்ளைகளுக்காகப் பகல்நேர நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இணையதளம் செய்து தர என்னைக் கூப்பிட்டார். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன்.

"தம்பி, வீட்ல இருந்தே எடத்தச் சுத்திப் பாக்குற மாதிரி ஏதாச்சும் போட முடியுமா? நம்ம பிள்ளைங்களுக்குப் புது எடம்னா ரொம்பக் கஷ்டம் லா."

என் மகளைப் பற்றி நான் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னேன். "கூட்டிட்டு வாங்க தம்பி, எடம் வச்சிருக்கேன்" என்றார்.

வீடு விற்கும் ஏஜென்டுகளுக்குப் படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் கேமரா வாங்கிப் போனேன். முன்னும் பின்னும் கண் வைத்த சின்னக் கருவி அது. அறை நடுவில் அதை நிறுத்திவிட்டு, நாம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனில் பொத்தானை அழுத்த வேண்டும். சுற்றிலும் உள்ளதெல்லாம் ஒரே படமாக விழும். மாடிப்படி, கூடம், சமையலறை, கடைசியாக ஜன்னலோரம் பிள்ளைகள் உட்கார்ந்து மணி கோக்கும் அறை. அந்த அறையில் ஒரு நீல நாற்காலி இருந்தது. படங்களைக் கோத்து, தரையில் அம்புக்குறி வைத்தேன். அதைத் தொட்டால் அடுத்த அறைக்குள் போகலாம். இணையச் சுற்றுலா என்பார்கள் இதை.

அதை இணையதளத்தில் ஏற்றுவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. பின்னாளில் அக்காவே எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ள வசதியாக எளிய மென்பொருளில் அந்தத் தளத்தைக் கட்டியிருந்தேன். சுற்றுலாவுக்கான நிரல் வரிகளை ஒட்டிச் சேமித்தால், அவை ஆபத்தானவை என்று நினைத்து மென்பொருளே சத்தமில்லாமல் அழித்துவிடும். பக்கத்தில் வெள்ளையாக ஒரு காலியிடம்தான் மிஞ்சும். அதைச் சரிசெய்த பிறகு போனில் வேறு தொல்லை. பக்கத்தைக் கீழே தள்ள விரல் வைத்தால் அறை சுழன்றது, பக்கம் அசையவில்லை. கடைசியில் பிளக்-இன் என்கிற துணை மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து, படத்தை ஒருமுறை தட்டினால் மட்டுமே சுழலும்படி அமைத்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் போன் திரையைத் தொட்டாள். அறை சுழன்றது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கதவுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். மறுபடி சுற்றினாள். அன்று மாலை வரைக்கும் அதேதான்.

அடுத்த வாரமே டேப்லெட்டில் அவளாகவே அந்தப் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். எப்போதும் ஒரே வரிசையில்தான் நடப்பாள். "படி. செருப்பு. கூடம். கிச்சன். நீலம்." ஒருநாள் நீலத்தில் வந்து நின்றவள், "நான் உக்காருவேன்" என்றாள்.

மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சீருடையோடு வாசலில் நின்றிருந்தாள். "என்னங்க சொன்னா?" என்றாள். நான் திருப்பிச் சொன்னேன். அவள் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் புறப்பட்ட அன்று மனைவி லீவு எடுத்திருந்தாள். காரில் வழி முழுக்க மகள் "போலாம், போலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாடிப்படியில் எங்களுக்கு முன்னால் ஏறினாள். செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்தாள். கூடத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்க்காமல், ஆனால் பயப்படாமலும், கடந்து போனாள். சமையலறையைத் தாண்டித் திரும்பினாள்.

அங்கே அறை இல்லை. புதுப் பலகைத் தடுப்பு ஒன்று நின்றது. பசை வாடை இன்னும் போகவில்லை.

அக்கா ஓடிவந்தார். "ஐயோ தம்பி, உங்ககிட்ட சொல்ல மறந்தே போச்சு. கடைவீட்டுக்காரரு அந்தப் பாதிய திருப்பிக் கேட்டுட்டாரு. இங்க பாரு மா, உன் நாற்காலி, காத்தாடிக்குக் கீழ போட்டிருக்கேன்."

அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் காற்றில் விரலை வைத்து இடப்பக்கமாக இழுத்தாள். பிறகு வலப்பக்கம் இழுத்தாள். பிறகு உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்து அழுத்தினாள். அப்புறம்தான் அந்தச் சத்தம் அவளிடமிருந்து கிளம்பியது. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சேர்ந்து கீழே இறக்கினோம். செருப்பை எடுக்கவே மறந்துவிட்டோம்.

மறுபடி கூட்டிப் போனோம். படியின் அடியிலேயே நின்றுவிட்டாள். அதற்கடுத்த தடவை காரை விட்டே இறங்கவில்லை. இடத்துக்காக வேறொரு குடும்பம் காத்திருப்பது எங்களுக்குத் தெரியும். நாங்களே அக்காவிடம், கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டோம்.

ஆனாலும் டேப்லெட்டில் அவள் நடை நிற்கவில்லை. படி, செருப்பு, கூடம், கிச்சன், நீலம். அதுவாவது இருக்கிறதே என்று நானும் மனைவியும் மனசைத் தேற்றிக்கொண்டோம்.

பிறகு அக்கா போன் செய்தார். நேரில் வருகிற பெற்றோர்கள், இணையத்தில் இருப்பது வேறு, இங்கே இருப்பது வேறு என்கிறார்களாம். அவர் சொன்னதில் தப்பில்லை. போய்ப் புதிதாகப் படம் எடுத்து வந்தேன். பழைய சுற்றுலாவை என் கணினியில் பத்திரமாகச் சேமித்து, மகளுக்கென்று தனியாகத் திறக்கும்படி செய்த பிறகுதான் தளத்தில் புதியதை ஏற்றினேன். இந்த முறை ஒரே ஒட்டில் சேர்ந்துகொண்டது. எந்தக் காலியிடமும் இல்லை.

பார்சல்காரர் கூப்பிட்டாரென்று கீழே இறங்கிப் போயிருந்தேன். படிக்கட்டில் திரும்பி வரும்போதே அவள் சத்தம் கேட்டது. வழக்கமான பக்கத்தை டேப்லெட்டில் அவளே திறந்திருக்கிறாள். சமையலறைக்குப் பிறகு அம்பைத் தொட்டால் பலகைத் தடுப்பு. டேப்லெட் தரையில் உடைந்து கிடந்தது.

"இல்ல மா, இங்க இருக்கு, அப்பா வச்சிருக்கேன், பாரு" என்று கணினியில் பழைய அறையைத் திறந்து காட்டினேன். விம்மிக்கொண்டே பார்த்தாள். ஒருமுறை சுழற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் யாருடைய முகத்தையும் அப்படி நேராகப் பார்ப்பதில்லை.

"பொய்" என்றாள்.

அந்தச் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. மடிக்கணினியை அவளே மூடினாள். அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அக்காவின் நிலையம் நன்றாகத்தான் நடக்கிறது. எனக்கும் இந்த வேலை கைவந்துவிட்டது. ஹோம்ஸ்டே, பல் மருத்துவமனை, திருமண மண்டபம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து எங்கே போக ஆசைப்படுகிறது என்று யோசிக்காமல் செய்யப் பழகிக்கொண்டேன்.

நானும் மனைவியும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "நமக்கப்புறம் யாருங்க?" என்றாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முடி வெட்டினோம். கடைக்கு வரமாட்டாள் என்பதால் நாங்களேதான் வெட்டிவிடுவது. தரையில் பேப்பரை விரித்து உட்காரவைத்து, நான் கைகளைப் பிடித்துக்கொண்டேன். மனைவி சீப்பால் வாரி வாரி வெட்டினாள். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பாதியில் கத்தரியின் சத்தம் நின்றது.

"என்ன?" என்றேன்.

"ஒரு நர முடி. இந்த வயசுலயே இவளுக்கு வந்துருச்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். காதுக்கு மேலே ஒரே ஒரு முடி வெளுத்திருந்தது. மனைவி அதை விரலால் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு மற்றதோடு சேர்த்து வெட்டினாள்.