காந்தத்தில் ஒட்டிய கல்லெல்லாம்

இன்ன கல் என்று சொல்வது சுலபம், அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம் என்பது என்னைப் போல ஜியாலஜி லேபில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் எனக்கு அந்த வேலை. கரிசலில் உழும்போது கறுப்பாக ஒரு கல் தட்டுப்பட்டால் போதும், விண்கல்லாக இருக்குமோ என்று மஞ்சப்பையில் ஏறி என் மேசைக்கு வந்துவிடும்.

பட்டுத்துணியில் வந்தது

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் பட்டுத்துணியைப் பிரித்து ஒரு கல்லை வைத்தார். விண்கல்லில் இரும்பு இருக்கும் என்பதால் காந்தத்தை நீட்டினேன், டக்கென்று ஒட்டியது. அவர் முகம் மலர்ந்தது. ஆனால் கல்லெங்கும் ஆப்பம் மாதிரிப் பொத்தல். விண்கல்லில் அப்படி இருக்காது. "அண்ணாச்சி, இது இரும்பு உருக்கும்போது ஒதுங்குற கிட்டம்" என்றேன். ஆறு மாசமாகப் பூஜை அறையில் அதற்குப் பூ வைக்கிறார்களாம்.

"சரி தங்கச்சி, நான் ஒத்துக்கிடுதேன். என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் நீங்களே வந்து சொல்லிருங்க."

முத்தையாவின் கேள்வி

குளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற முத்தையா கொண்டுவந்தது கைக்குள் அடங்கும் கல். பட்டப்பகலில், இடி மாதிரிச் சத்தத்தோடு, மந்தைக்குப் பக்கத்தில் விழுந்ததாம். அந்த வாரமே இரண்டு ஆட்டுக்குச் சினை கலைய, கல்லில் விஷம் என்று சொல்லி ஊரார் அவர் மந்தையைக் கண்மாயில் இறங்க விடவில்லை.

காந்தம் லேசாக இழுத்தது. மேலே தீயில் கருகின மாதிரி மெல்லிய தோல். ஓரத்தை அரத்தால் தேய்த்தேன். உள்ளே வெள்ளிப்பொடி தூவினாற்போல் மினுங்கியது. வருஷக்கணக்காகக் காத்திருந்த கல்! "அண்ணே, இது வானத்துல இருந்து விழுந்ததுதான்!"

"அது தெரியும்க்கா, நான் அங்கனதான நின்னேன். ஆட்டுக்கு ஆகுமா ஆகாதா, அதைச் சொல்லுங்க."

பேச்சி சுத்தம் செய்தது

விஷமில்லை என்றேன். ஊர் நம்ப வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை வந்து, கல்லை மடியில் வைத்துச் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி, அதை அவரிடமே கொடுத்தனுப்பினேன். மண்ணைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும், தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று சொல்ல, சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

போனபோது ஊரே கண்மாய்க் கரையில் நின்றது. முத்தையாவின் மனைவி பேச்சி கல்லைத் தட்டில் ஏந்தி வந்தாள். புளியும் செங்கல் பொடியும் போட்டு விளக்கியிருந்தாள். கருந்தோல் பாதி போய், செம்புள்ளியாகத் துரு. விண்கல்லுக்கு அடையாளமே அந்தத் தோல்தான். இருந்தாலும் மடியில் வைத்துக்கொண்டு, அவள் தந்த கம்மங்கூழைக் கடைசிவரை குடித்தேன். கரையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். முத்தையா குரல் கொடுக்க, ஆடுகள் தண்ணீரில் இறங்கின. அப்புறம்தான் பேச்சியிடம், "ஏன்ம்மா கழுவினே?" என்று கேட்டேன்.

"எங்கெங்கயோ சுத்திட்டு வந்த கல்லுக்கா. நீங்க மடியில வச்சுச் சாப்பிடப் போறீங்க, கழுவாம எப்பிடித் தருவேன்?"

அன்றிலிருந்து யார் எந்தக் கல்லைக் கொண்டுவந்தாலும், அது விண்கல்லா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே "கழுவாதீங்க" என்று சொல்லிவிடுகிறேன்.