தோற்ற அன்று வெளியேறும் எஸ்தர் அக்கா

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு எஸ்தர் அக்காவை நான் மறுபடியும் எங்கள் கால்பந்து ரசிகர்களின் கைபேசிக் குழுவில் சேர்த்தேன். முந்தைய நாள் நம் அணி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றிருந்தது. அக்கா வழக்கம்போல நான்கு நிமிடம் திட்டிக் குரல்பதிவு ஒன்றை அனுப்பிவிட்டு, குழுவை விட்டு வெளியேறியிருந்தார். தோற்றால் அவர் வெளியேறுவார், மறுநாள் காலை அட்மின் என்ற முறையில் நான் சேர்ப்பேன், அரை மணி நேரத்தில் "இன்னாபா, அடுத்த மேட்ச்சு எப்போ?" என்று கேட்பார். ஆறேழு வருடமாக இப்படித்தான். நம் அணி தோற்கிற வேகத்துக்கு எனக்கு இது கிட்டத்தட்ட வாராந்திர வேலை.

அன்று பதில் வரவில்லை. இந்தத் தடவை கோபம் கொஞ்சம் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கும் விடுதியின் ஸ்டோரில் மீனை எடை போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு, ஆட்டத்துக்கு எங்களைப் பரனூரிலிருந்து ஏற்றிப்போகும் வேன் குமரேசன் போனில் கூப்பிட்டார். "வேலு, நம்ம எஸ்தர் அக்கா பூட்டாங்கபா" என்றார். காலை ஆறு மணிக்குப் படாளம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் அவரைக் குழுவில் சேர்த்தபோது அவர் இல்லை. இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நம் ரசிகர் பத்திரிகையில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் வேனில் வந்தவர்கள். மீதிப் பேர் மைதானத்தில் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள். இரண்டிலும் சேராதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் அக்கா படாளத்துக்காரர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். "எங்க வூட்ல மாசச் சம்பளம் வாங்கின மொத ஆளு நான்தான்" என்பதைப் பெருமையாகவே சொல்வார். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் பரிமாறுகிறவராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனார். அதே கேன்டீனில் பதினொரு வருடம் நான் ஸ்டோர் கீப்பர். அவரைவிட எட்டு வயது சின்னவன்.

கால்பந்து அவருக்குக் கேன்டீன் டிவியில்தான் அறிமுகம். ஒருநாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது சாம்பார் வாளியோடு நின்று பார்த்தவர், "அந்த வலது பக்கத்து ஆளு இன்னாத்துக்குச் சொம்மா நின்னுகினு கீறான்? அவனுக்குச் சம்பளம் இல்லியா?" என்று கேட்டார். பந்து அப்போது மைதானத்தின் இந்தக் கோடியில் இருந்தது. நாங்கள் சிரித்தோம். இரண்டு நிமிடம் கழித்து அந்த வலது பக்கம் வழியாகத்தான் எதிரணி கோல் போட்டது. அந்த வாரமே குமரேசனின் வேனில் அவருக்கு ஓர் இடம் போட்டோம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இடம். கடைசிவரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் ஆட்டம் பார்க்கும் விதமே வேறு. கேன்டீனில் முந்நூறு பேர் சாப்பிடும் நேரத்தில் கரண்டி பிடித்திருப்பவனை அவர் பார்க்க மாட்டார். கை காலியாக நிற்பவனைத்தான் பார்ப்பார். மைதானத்திலும் அதே பார்வைதான். "பந்து எங்க கீதுன்னு ஊரே பாக்குது. பந்து இல்லாதவன் இன்னா பண்றான்னு நான் பாக்கறேன்" என்பார். கோல் விழுந்ததுகூட நாங்கள் கத்திய பிறகுதான் சில சமயம் அவருக்குத் தெரியும். ஆனால் அது ஏன் விழுந்தது என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம் அணியைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். போடக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். வருடா வருடம் பயிற்சியாளரை மாற்றுவதைப் பற்றி: "மாஸ்டர மாத்தினா பிரியாணி வந்துடுமா? மொதல்ல அரிசியப் பாரு, அடுப்பப் பாரு." நன்றாக ஆடுகிறவர்களை வேறு அணிக்கு விற்றுவிட்டு அடுத்த சீசன் பாருங்கள் என்று நிர்வாகம் சொல்வதைப் பற்றி: "நான் அடுத்த சீசனுக்கா டிக்கெட்டு எடுத்துகீறேன்?" முன்னால் போக வழியிருந்தும் கோல்கீப்பருக்கே பந்தைத் திருப்பி அனுப்புகிறவர்களைப் பற்றி: "பந்தி பூரா எல போட்டு உக்காந்துகீது. இவன் வாளியக் கொண்டுபோயி சமையக்கட்டுக்குள்ளயே வெச்சிகினு வர்றான்." அவர் சொன்னது எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆஃப்சைடு என்ற விதியை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. "முன்னாடி போயி நின்னவன் கெட்டிக்காரன். பின்னாடி தூங்கினவனுக்கு இன்னாத்துக்குபா சலுக?" என்று நடுவரைப் பார்த்துக் கேட்பார். பத்து வருடம் விளக்கிப் பார்த்து நான் கைவிட்டுவிட்டேன்.

அவர் அதிகம் திட்டியது நம் வலது பக்கத் தடுப்பாட்டக்காரரைத்தான். அவருக்கு அக்கா வைத்த பெயர் "ரைட் பேக்குத் தம்பி". ஒருமுறை அந்தத் தம்பி செய்த தவறால் கோல் விழுந்தது. எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒருவர் எழுந்து, அவருடைய நிறத்தையும் பிறப்பையும் தாயையும் இழுத்து அசிங்கமாகக் கத்தினார். அதுவரை அதே தம்பியைத் தாளித்துக்கொண்டிருந்த அக்கா விருட்டென்று திரும்பினார். "இந்தாபா, ஆட்டத்தத் திட்டு. ஆளத் திட்டாத. அவன் அம்மாவ இன்னாத்துக்கு இட்டுகினு வர்ற? அவங்களா வந்து பந்த வுட்டாங்க?" அந்த ஆள் ஏதோ முனகினார். அக்கா உட்காரவில்லை. அந்த ஆள் உட்காரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தம்பியைத் திட்டத் தொடங்கினார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை நான் வேனில் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கேன்டீன் ஒப்பந்தம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் அக்காவை வைத்துக்கொண்டார்கள், என்னை வேண்டாமென்றார்கள். இது வேனில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை என்பது. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, திருக்கழுக்குன்றத்திலேயே குளக்கரைப் படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். மதியம் டப்பாவைப் பிரித்துச் சாப்பிடுவேன். இருட்டியதும் வீட்டுக்குப் போவேன். இரண்டு மாதம் இப்படி ஓடியது. வேனில் போவதையும் நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்சநாள் அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போது யோசித்தாலும் பயமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில் நம் அணி ஒரு ஆட்டத்தில் ஜெயித்துத் தொலைத்தது. குழுவில் ஒரே கூச்சல். பட்டாசுப் படமாக வந்து குவிந்தது. அவர்களுடைய சந்தோஷத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓசைப்படாமல் குழுவை விட்டு வெளியேறினேன். இப்போதெல்லாம் ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். நான் போனதும் அந்தப் பொறுப்பு தானாகவே குமரேசனுக்குப் போயிருக்கிறது. அவர் ஜெயித்த குஷியில் எதையும் கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை, ஒருவரைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்தர் அக்கா பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்கார்ந்ததும் ரைட் பேக்குத் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் அதே பேச்சு. நடுவில் காபி கொண்டுவந்த என் மனைவி, "நீங்களாவது சொல்லுங்கக்கா, கேன்டீன்ல அப்டி இன்னா வேல? ராத்திரி ஆனாதான் வர்றாரு, மூஞ்சே நல்லால்ல" என்றாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி, "ஸ்டோர்ல ஸ்டாக் எடுக்கறாங்கம்மா. ஒரே பேஜாரு" என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அன்று அதையும் விட்டுவிட்டு வந்து எனக்காகப் பொய் சொன்னார்.

பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் விஷயத்துக்கு வந்தார். "இன்னிக்கே வூட்ல சொல்லிடு. நாளைக்கு நான் போன் பண்ணுவேன், நீ சொல்லலன்னா நானே சொல்லிடுவேன்."

"நான் குழுவுல இல்லன்னு எப்டிக்கா கண்டுபுட்ச்ச?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சிகீறோம், நீ ஒரு வார்த்த போடல. பேர ஒவ்வொன்னாப் பாத்துகினே வந்தேன், நீ இல்ல." பிறகு சொன்னதை நான் அப்படியே தருகிறேன். "தோத்த அன்னிக்குப் போறவன் கோவத்துல போறான். அவன் தானா வந்துடுவான், என்ன மாதிரி. ஜெயிச்ச அன்னிக்குப் போறவன் தானா வரமாட்டான் வேலு. அவன நாமதான் போயி இட்டுகினு வரணும். சனிக்கிழம மூனு மணி, பரனூரு. வேன்ல இரு."

அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் குளக்கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் இந்த வேலை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை நான் வேனில் இருந்தேன். குமரேசன் என்னைக் குழுவில் மறுபடி சேர்த்து, அட்மின் பொறுப்பையும் திருப்பிக் கொடுத்தார். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏறியதும், "இன்னாபா, இன்னிக்கு எத்தினி வாங்கப் போறோம்?" என்றார். நான்கு வாங்கினோம்.

படாளத்தில் அடக்கம் முடிந்ததும் அவருடைய மகள் பிரிசில்லா என்னிடம் வந்தாள். படூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கால்பந்து என்றால் காத தூரம் ஓடுகிற பெண். "அம்மாவோட செல்போன நான் வெச்சிருக்கேன் அங்கிள். நம்பர் குழுவுலயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இருக்கட்டும்மா என்றேன்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். வெகுநாளைக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அதிலும் கோல் போட்டது யார் தெரியுமா? ரைட் பேக்குத் தம்பி. குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது என் கைபேசியில் மட்டும் ஒரு வரி வந்தது: எஸ்தர் அக்கா வெளியேறினார்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் பிரிசில்லா ஞாபகம் வந்தது. மறுநாள் காலை விடுதியில் லீவு சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் பஸ் மாறிப் படாளம் போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வேறு என்ன கொண்டுபோவதென்று எனக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்ததுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கம்மா இத்தினி வருசம் தொண்ட கிழியக் கத்தினாங்க அங்கிள். அப்பல்லாம் தோத்துட்டு, இப்பப் போயி ஜெயிக்கறானுங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. என்னால பாக்க முடியல."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதனால் உட்கார்ந்து ரைட் பேக்குத் தம்பியைப் பற்றிப் பேசினேன். அந்த கோலுக்கு முன்னால் அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று கவனித்தாயா என்று கேட்டேன். "நான் பந்தத்தான் பாத்தேன்" என்றாள். "பந்த ஊரே பாக்குதும்மா" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். கிளம்பும்போது அந்த நம்பரைக் குழுவில் மறுபடி சேர்த்துவிட்டு, "சனிக்கிழம மூனு மணி, பரனூரு. டிரைவருக்குப் பின்னாடி ஜன்னல் சீட்டு, காலியாதான் கீது" என்றேன்.

எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். தோற்ற நாளில் யார் போனாலும் நான் கவலைப்படுவதில்லை. ஜெயித்த நாளில் மட்டும், எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது, குழுவில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். நம் அணி ஜெயிப்பது அபூர்வம் என்பதால் இது பெரிய சிரமமில்லை.

சனிக்கிழமை பிரிசில்லா வந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். இரண்டாவது கோலுக்கு அவள் எழுந்து நின்று கத்தியதில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு காலை கைபேசியை எடுத்தேன். எஸ்தர் அக்கா வெளியேறியிருந்தார். ஏழே காலுக்கு மறுபடி சேர்த்துவிட்டு, பல் துலக்கப் போனேன். திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது.

"இன்னா அங்கிள், அடுத்த மேட்ச்சு எப்போ?"