மில்லுக்கார அம்மாவின் பிரஷர்

மிளகாய் அரைபடும்போது அஞ்சலாட்சி பேச்சை நிறுத்துவதில்லை, குரலைத்தான் ஏற்றுகிறார். "யாரும்மா அது, மல்லிய வறுக்காமயே எடுத்தாந்திருக்கிறது? வூட்டுல அடுப்பு இல்லியா?" கூட்டம் தும்மிக்கொண்டு நிற்கும். மாவைத் தட்டிக் கொட்டிக்கொண்டே அடுத்தவரின் கேழ்வரகில் கல்லைக் கண்டுபிடித்து, அதற்கும் ஒரு பாட்டு வைத்திருப்பார்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிறது அந்த மாவு மில். மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, பின்கட்டில் இருக்கும் வீட்டுக்குள்ளும் அவருக்கு அதே குரல்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவரோ கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரோ அவரிடம் தப்பியதில்லை. ஆகவே தெரு ஒரு முடிவுக்கு வந்திருந்தது: "அந்தம்மாவுக்கு பிரஷரு." கோபம் வந்தால் பிரஷர், கத்தினால் பிரஷர் என்பதுதான் நாங்கள் கற்ற வைத்தியம். கணவர் சுப்பிரமணியனைப் பார்த்து எல்லோரும் பாவப்படுவோம். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி எதைச் சொன்னாலும் "சரி அஞ்சல" என்பார். அப்போதெல்லாம் அதற்குமேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

போன தை மாதம் சமுதாயக் கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அஞ்சலாட்சியைத் தள்ளிக்கொண்டு போனோம். பையைப் பிடித்துக்கொள்ள சுப்பிரமணியன் பின்னால் வந்தார். நர்ஸ் அஞ்சலாட்சியின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நார்மல்தாம்மா" என்றார். எங்கள் முகம் தொங்கிவிட்டது.

"இன்னா, எல்லாருக்கும் வவுறு எரியுதா?" என்று எழுந்தவர், அதே நாற்காலியில் கணவரை உட்காரவைத்தார். நர்ஸ் ஒரு முறை பார்த்தார், மறுபடி பார்த்தார், அடுத்த கையிலும் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே டாக்டர். தல சுத்தல்கூட இல்ல."

"பண்ணாது சார். அதான் இதுல மோசம். சொல்லாம கொள்ளாம ஒரு நாளைக்கு மூளையில அடிக்கும், இல்லன்னா இதயம், கிட்னி. சண்டைக்காரருக்கும் வரும், சாதுவுக்கும் வரும்."

தினம் மாத்திரை போடணும், உப்பைக் குறைக்கணும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து அஞ்சலாட்சிக்கு உப்புதான் எதிரி. பெரிய மார்க்கெட் கருவாடு வீட்டுக்கு வருவது நின்றது. ஊறுகாய் ஜாடிகள் அக்கம்பக்கத்துக்குப் போயின. ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. அரியாங்குப்பத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். பந்தியில் கணவரின் இலை மூலையில் முதலில் உப்பு வைக்க வந்தவரின் கையை அப்படியே பிடித்துவிட்டார். "உப்பு வெக்காத எல அபசகுனம் அண்ணி" என்று முகம் சுளித்தார் நாத்தனார் சந்திரகலா.

"வாய் கோணிப் படுத்துட்டா அது நல்ல சகுனமா? நீயா வந்து தூக்கி உக்கார வெப்ப?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அஞ்சலாட்சி யாருக்கும் மசியவில்லை. அப்பளத்தையும் எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார். "சரி அஞ்சல" என்று சோற்றைப் பிசைந்தார் சுப்பிரமணியன்.

அந்தச் 'சரி'யை நம்பியதுதான் தப்பு. இரண்டு மாதத்தில் அளவு இறங்கியதும் மனிதர் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் மாவுக்காகக் காத்திருந்த ஒரு காலையில், அலமாரியைத் துடைத்த அஞ்சலாட்சியின் கையில் பிரிக்காத அட்டைகள் சிக்கின.

"கொறஞ்சிடுச்சே அஞ்சல, அப்புறம் எதுக்கு?"

"கொறச்சது யாரு, நீயா? மாத்திரய்யா, மாத்திர! நிறுத்தினா திரும்ப ஏறாதா?" அவர் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. ஆனால் அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ படுத்துட்டா நான் யாராண்ட போயி கத்துவேன்?" அந்தக் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சுப்பிரமணியன் சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய், தானே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து, ஒரு அட்டையைப் பிரித்தார்.

நேற்று சுகாதார நிலையத்தில் இருவரையும் பார்த்தேன். "அய்யா அஞ்சு நிமிசம் அமைதியா உக்காரணும். பாத்து முடிக்கிற வரைக்கும் யாரும் பேச்சு குடுக்கக் கூடாது" என்றார் நர்ஸ். அஞ்சலாட்சி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். நான் கையசைத்தபோதும் தலையை மட்டும் ஆட்டினார். கையில் சுற்றிய பட்டை உப்பியது, மெல்ல இறங்கியது.

"நூத்தி நாப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் கொறயணும்மா."

முந்தானை வாயிலிருந்து வெளியே வந்தது. "எழுதாத கண்ணு. இன்னொரு தபா பாரு. நடுவுல நான்தான் பெருசா மூச்சு உட்டுட்டேன்." சொல்லிவிட்டு முந்தானையை மறுபடி வாயில் திணித்து, இந்த முறை மூக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.